90ஆம் நாளோடு கணக்கை முடிக்காதீர்கள்

வேலையின்மையைக் குறைக்க அரசின் பெயரில் திட்டம் வகுப்பவர்களுக்கும், அதற்குப் பணம் ஒதுக்குபவர்களுக்கும், ஆண்டு முடிவில் அறிக்கை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

அரசு நிதியில் நடந்த ஒரு குறுகியகாலப் பயிற்சி மையத்தில் ஏழு வருடம் பாடம் எடுத்தவன் நான். கணினியில் கணக்கு எழுதுவது, அலுவலகக் கடிதம் தயாரிப்பது, இன்டர்வியூவில் தடுமாறாமல் பேசுவது, இவைதான் என் பாடங்கள். மூன்று மாத கோர்ஸ். ஒரு பேட்ச் முடியும், அடுத்த பேட்ச் வரும். பாடத்தோடு இன்னொரு வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. கோர்ஸ் முடிந்த 90 நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, வேலையில் இருக்கிறாரா என்று கேட்டுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இருந்தால் ஒரு டிக். கூடவே ஆஃபர் லெட்டரின் போட்டோவை வாங்கி இணைக்க வேண்டும். பத்துக்கு ஏழு டிக் விழுந்தால்தான் மையத்துக்கு மீதித் தவணை வரும்.

அந்த 90ஆம் நாள் நெருங்க நெருங்க மையத்தில் வேறு எதுவும் நடக்காது. மேலாளர் தனக்குத் தெரிந்த முதலாளிகளுக்கெல்லாம் போன் போடுவார். "ரெண்டு மாசத்துக்கு நாலு பேரை எடுத்துக்கோங்க" என்பார். அவர்களும் எடுத்துக்கொள்வார்கள். அந்த நான்கு பேருக்கும் எங்கள் பதிவேட்டில் டிக் விழும். அறிக்கை மேலே போகும். மேலே அதைப் படிப்பவர் "70 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது" என்று எழுதுவார். மேலாளரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தவணை வராவிட்டால் எங்கள் எல்லோருக்கும் சம்பளம் இல்லை. அவருக்குக் கொடுத்திருந்த கணக்கு அப்படிப்பட்டது.

அந்த வேலையை விட்டு வந்த பிறகு ஒரு நாள் மனது கேட்காமல், என் நோட்டில் இருந்த பழைய பேட்ச் ஒன்றின் எண்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். கோர்ஸ் முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பல எண்கள் உபயோகத்தில் இல்லை. எடுத்தவர்கள் நன்றாகவே பேசினார்கள். இருவரைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒருவர் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்த பெண். எதை எழுதினாலும் ஒருமுறை திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுவார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே டிக் இருந்தது. "சார், அது நாப்பது நாள்தான். நீங்க போன் பண்ணப்ப வேலைல இருந்தேன். அதுக்கப்புறம் வர வேணாம்னுட்டாங்க" என்றார். அதன்பின் அவருக்கு எதுவும் அமையவில்லை. சர்டிபிகேட்டை எடுத்துப்போய்க் காட்டுகிற இடத்திலெல்லாம், நடுவில் இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்கிறார்களாம்.

இன்னொருவர் கடைசி வரிசைக்காரர். அவர் பெயருக்கு டிக் இல்லை. 90ஆம் நாள் நான் கூப்பிட்டபோது, ஒரு எலக்ட்ரீஷியனிடம் சம்பளமில்லாமல் வேலை பழகிக்கொண்டிருந்தார். சம்பளச் சீட்டு இல்லாததால் நானும் "வேலையில் இல்லை" என்று குறித்தேன். இப்போது அவரே வயரிங் வேலை எடுத்துச் செய்கிறார், உதவிக்கு இரண்டு பேர் வைத்திருக்கிறார். கணக்குப் பாடம் கைகொடுத்ததா என்று கேட்டேன். "எஸ்டிமேட் போடறதே நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரிதான் சார்" என்றார்.

ஆக, திட்டம் வென்ற இடத்தைத் தோல்வி என்றும், தோற்ற இடத்தை வெற்றி என்றும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இந்த மடலில் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். எண்ணும் நாளையும் எண்ணும் முறையையும் மாற்றுங்கள். எந்தத் திட்டம் நல்லது, எது வீண் என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இன்றைய கணக்கை வைத்துக்கொண்டு அந்தச் சண்டைக்கு யாராலும் விடை சொல்ல முடியாது.

இது என் மையத்தில் மட்டும் நடந்த கதை என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் 1982இல் வேலைப் பயிற்சிக் கூட்டாண்மைச் சட்டம் என்று ஒன்று வந்தது. பயிற்சி தரும் அமைப்புகளுக்கு இலக்கு வைத்து, எட்டியவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். ஒருவர் ஏட்டிலிருந்து விடுவிக்கப்படும் நாளில் வேலையில் இருக்கிறாரா என்பது அந்த இலக்கில் முக்கியமான அளவு. கூர்ட்டி, மார்ஷ்கி என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஏடுகளைத் தோண்டிப் பார்த்தபோது, விடுவிக்கும் நாளையே அமைப்புகள் தங்களுக்குத் தோதாக நகர்த்தியது தெரியவந்தது. பயிற்சி முடிந்தும் வேலை கிடைக்காதவரை உடனே விடுவிப்பதில்லை. வேலை கிடைக்கும்வரை ஏட்டிலேயே வைத்திருந்து, கிடைத்த அன்று "முடித்தார்" என்று எழுதுவது. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் அதே திட்டத்தை வேறு கோணத்தில் பார்த்தார்கள். முடிக்கும் நாளின் எண்ணுக்கும், பயிற்சியால் ஒருவருக்குப் பின்னாளில் கிடைத்த உண்மையான பலனுக்கும் பெரிதாகத் தொடர்பே இல்லை என்று கண்டார்கள். சில இடங்களில் இரண்டும் எதிரெதிராகவே போயின. இதைப் படித்தபோது என் பதிவேட்டின் அந்த இரண்டு வரிகள்தான் கண்முன் நின்றன.

தாமதமாக எண்ணினால் என்ன தெரியும்? உலகெங்கும் நடந்த 200க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை டேவிட் கார்டு, ஜோகன் குளூவ், ஆண்ட்ரியா வெபர் மூவரும் ஒன்றாக வைத்து அலசி 2018இல் வெளியிட்டார்கள். அதில் தெரிந்தது இது: வேலைவாய்ப்புத் திட்டங்களின் பலன் முதல் ஒரு வருடத்தில் சராசரியாகப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இரண்டு, மூன்று வருடம் கழித்துப் பார்த்தால்தான் மேலே வருகிறது. அதிலும் திறனை வளர்க்கும் பயிற்சிகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. அதாவது, நன்றாக வேலை செய்யக்கூடிய பயிற்சிதான் 90ஆம் நாள் கணக்கில் அதிகம் அடிபடுகிறது. பயிற்சியில் இருக்கும்போது யாரும் சம்பாதிக்க முடியாது அல்லவா? நீளமான, ஆழமான பயிற்சி என்றால் அந்த இடைவெளியும் நீளமாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் சான் ஆன்டோனியோ நகரில் 1990களின் தொடக்கத்தில் ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, அங்கிருந்த சமூக அமைப்புகள் போராடி 'புராஜெக்ட் குவெஸ்ட்' என்ற பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று அவசரப்படவில்லை. மருத்துவமனைகள் போன்ற ஆள் தேவைப்படும் துறைகளில் முறையான தகுதிப் படிப்பை முடிக்க வைத்தார்கள். கட்டணம் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, போக்குவரத்துக்குப் பணமில்லை என்று படிப்பு நடுவில் நின்றுபோகாதபடி கூடவே நின்றார்கள். பின்னாளில் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து அதை மதிப்பிட்டபோது, தொடக்கத்தில் பயிற்சிக்கு வந்தவர்களின் வருமானம் வராதவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆறாம் ஆண்டில் அவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்தத் திட்டம் எங்கள் மையத்தின் கணக்கில் வந்திருந்தால் முதல் வருடமே இழுத்து மூடியிருப்போம்.

எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடந்த சோதனையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது செலவு குறைந்தது. வேலை தேடும் இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு நகர மையத்துக்குப் போய்வரப் பயணப் பணம் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சில நாள் பயிலரங்கு நடத்தினார்கள். பயோடேட்டா எழுதுவது, இன்டர்வியூவுக்குத் தயாராவது, திறனைச் சோதித்து அதற்கொரு சான்று, அவ்வளவுதான். தொடக்கத்தில் இரண்டுமே கொஞ்சம் நல்ல வேலை கிடைக்க உதவின. நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது பயணப் பணத்தின் பலன் கரைந்துவிட்டிருந்தது. பயிலரங்குக்குப் போனவர்களோ வருமானத்தில் தெளிவாக முன்னால் இருந்தார்கள். தன் திறமையை முன்பின் தெரியாத ஒரு முதலாளியிடம் காட்டத் தெரியாமல் திணறும் பிள்ளைகளை ஏழு வருடம் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆனால் நான்கு வருடம் கழித்து யாராவது போய்க் கேட்டதால்தானே இது உலகுக்குத் தெரிந்தது?

ஜோர்டானில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. கல்லூரி முடித்த இளம்பெண்களில் சிலருக்கு, குலுக்கலில் எடுத்து, ஒரு கூப்பன் கொடுத்தார்கள். அவரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு ஆறு மாதம் குறைந்தபட்சக் கூலியை அரசுத் திட்டமே தரும். கூப்பன் செல்லுபடியான காலத்தில், அது கிடைக்காதவர்களைவிடக் கிடைத்தவர்களில் வேலையில் இருந்தோர் விகிதம் ஏறக்குறைய 40 சதவீதப் புள்ளிகள் அதிகம். அந்த நாளில் கணக்கை முடித்திருந்தால் உலகின் மிகச் சிறந்த திட்டம் என்று மாலை போட்டிருப்பார்கள். கூப்பன் காலாவதியான பிறகு அந்த வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்தே போனது. முதல் வரிசைப் பெண்ணின் நாற்பது நாள் வேலையும் இப்படித்தான்.

எண்ணும் நாளைப் பற்றி இவ்வளவு. எண்ணும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

"பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள்" என்ற வாக்கியத்தைக் கேட்டால், பயிற்சியால்தான் 70 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. பயிற்சியே இல்லாவிட்டாலும் அவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போயிருப்பார்கள்? வளரும் நாடுகளில் நடந்த கறாரான மதிப்பீடுகளை உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி 2017இல் தொகுத்துப் பார்த்தார். தொழிற்பயிற்சி பெற்ற 100 பேரில், பயிற்சியால் மட்டுமே வேலை கிடைத்தவர்கள் சராசரியாக இரண்டு அல்லது மூன்று பேர்தான். மற்றவர்கள் எப்படியும் கிடைத்திருக்கக்கூடியவர்கள், இல்லாவிட்டால் பயிற்சி பெற்றும் கிடைக்காதவர்கள். இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. அந்த ஏழு வருடத்தை நினைத்தேன். எத்தனை காலைப் பொழுதுகள், எத்தனை பிள்ளைகள் பஸ் மாறி பஸ் மாறி வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த எண் ஏன் இவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு காரணத்தை நானே சொல்ல முடியும். நாங்கள் ஆள் சேர்த்த விதம் அப்படி. இடங்களைவிட இரண்டு மடங்கு பேர் விண்ணப்பிப்பார்கள். சேர்க்கை நாளன்று மேலாளர் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மெலிதான குரலில் "இவங்களுக்கு வேலை கிடைக்குமா பாருங்க, டார்கெட் இருக்கு" என்பார். நாற்பது வயது தாண்டியவர், பிள்ளை வளர்க்க நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்த அம்மா, வாசிக்கத் திணறுகிறவர், இவர்கள் எல்லாரும் "அடுத்த பேட்ச்ல பாக்கலாம்" என்ற பதிலோடு திரும்பிப் போவார்கள். அடுத்த பேட்சிலும் அதே பதில்தான். நன்றாகப் பேசுகிற, ஏற்கெனவே படித்த, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளக்கூடிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டோம். டிக்குகள் விழுந்தன.

ஆய்வுகள் சொல்வது என்ன தெரியுமா? முன்பு சொன்ன 2018 தொகுப்பின்படி, இத்தகைய திட்டங்களால் கூடுதலாகப் பலன் பெறுகிறவர்கள் பெண்களும், நீண்டகாலம் வேலையில்லாமல் இருந்தவர்களும்தான். நாங்கள் வாசலோடு அனுப்பியது அவர்களையே. அந்த நீண்ட இடைவெளி ஒருவரை என்ன செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்க நகரங்களில் ஆயிரக்கணக்கான வேலை விளம்பரங்களுக்குக் கற்பனையான பயோடேட்டாக்களை அனுப்பி மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தகுதி ஒன்றாக இருந்தாலும், வேலையில்லாத மாதங்கள் கூடக் கூட இன்டர்வியூவுக்கு அழைப்பு குறைந்தது. அந்தச் சரிவின் பெரும்பகுதி முதல் எட்டு மாதத்திலேயே நடந்துவிட்டது. "அடுத்த பேட்ச்" என்று நாங்கள் சொன்ன ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவின் பயோடேட்டாவில் இன்னும் மூன்று மாத வெற்றிடம் ஏறியது.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் கசப்பானது. வேலைகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் உதவினால், வரிசையில் அவரை முன்னால் தள்ளுகிறோம், வேறொருவர் பின்னால் போகிறார். பிரான்ஸ் அரசு 2007 வாக்கில், ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்த படித்த இளைஞர்களுக்கு வேலை தேடித்தரும் ஆலோசகர்களை நியமித்தது. எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதை வெகு கவனமாக அளந்தார்கள். 235 பகுதிகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பங்கு இளைஞர்களுக்கு உதவி என்பதையே குலுக்கலில் மாற்றிப் பார்த்தார்கள். உதவி பெற்றவர்களுக்குச் சில மாதங்களில் வேலை கிடைத்தது உண்மை. அந்த ஆதாயம் நீடிக்கவில்லை. அதில் ஒரு பகுதி, உதவி பெறாத பக்கத்து இளைஞரின் வாய்ப்பைக் குறைத்துத்தான் வந்திருந்தது. போட்டி கடுமையாக இருந்த பகுதிகளில் இது கூடுதலாகத் தெரிந்தது. என் டிக்குகளில் எத்தனை, என் வகுப்புக்கே வராத யாரோ ஒருவர் இழந்த வேலை என்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை. உங்களால் தெரிந்துகொள்ள முடியும்.

இப்படியெல்லாம் எழுதுவதால், வேலைவாய்ப்புத் திட்டங்களே வேண்டாம், பணம் வீண் என்று சொல்ல வருவதாக யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். என் எண்ணம் அதற்கு எதிரானது. தவறான அளவுகோலால் நல்ல திட்டங்களும் சாகின்றன. அரசே நேரடியாக வேலை கொடுக்கும் திட்டங்களைப் பாருங்கள். அவற்றில் வேலை செய்தவர்கள் பிறகு தனியார் வேலைக்குப் போகிறார்களா என்று பார்த்தால் பெரும்பாலான மதிப்பீடுகளில் பலன் தெரிவதில்லை. அதை வைத்து "தோல்வி" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அவை அதற்காகத்தான் வந்தனவா?

1930களின் பெருமந்தத்தில் அமெரிக்கா தொடங்கிய பணித் திட்ட நிர்வாகம் 1935 முதல் 1943 வரை சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. சாலைகள், பாலங்கள், பள்ளிகள், விமான நிலையங்கள் எழுந்தன. வெளியே வேலையே இல்லாத காலம் அது. "இதிலிருந்து வெளியே போய் வேலை தேடிக்கொண்டார்களா" என்ற கேள்விக்கு அன்றைக்கு அர்த்தமே கிடையாது. இந்தியா 2005இல் கொண்டுவந்த ஊரக வேலை உறுதிச் சட்டமும் அப்படித்தான். கேட்ட 15 நாளுக்குள் வேலை, இல்லையென்றால் வேலையில்லாப் படி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் என்று உரிமையாக எழுதியது. வேலை குறைந்த பருவத்தில் கை வறண்டுபோகாமல் காப்பதுதான் அதன் நோக்கம். அந்த நோக்கத்தைக் கொண்டு அளந்தவர்கள், வேலை குறைந்த பருவத்தில் தனியாரிடம் கிடைக்கும் கூலியும் ஓரளவு உயர்ந்ததைக் கண்டார்கள். அதே நோக்கத்தைக் கொண்டு பார்த்தால் கூலி தாமதமாக வருவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதும் விளங்கும். அன்றாடச் செலவுக்கென்று செய்த வேலையின் கூலி இரண்டு மாதம் கழித்து வந்தால், இடையில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டத்தான் அது ஆகும்.

மரியென்தால் என்ற சிற்றூரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே இருக்கிறது. அங்கிருந்த ஒரே துணி ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டு ஊர் முழுவதும் வேலையிழந்தது. மரி யாகோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோரின் குழு அங்கே போய்த் தங்கி, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்து 1933இல் வெளியிட்டது. கையில் நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்திருந்தார்கள். தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. காலையிலிருந்து மதியம்வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. வேலை என்றால் சம்பளம் மட்டும்தான் என்று நினைத்துத் திட்டம் போடுகிற எல்லோரும் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

ஏறக்குறைய 90 வருடம் கழித்து, 2020இல், மரியென்தால் இருக்கும் அதே கிராமட்நியூசீடல் ஊராட்சியில் ஒரு வேலை உறுதித் திட்டம் தொடங்கியது. ஒரு வருடத்துக்கு மேல் வேலையில்லாத ஒவ்வொருவருக்கும், விரும்பினால், கூலியோடு வேலை. கட்டாயம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸிமிலியன் காஸியும் லூகாஸ் லேனரும் அதை மதிப்பிட்டார்கள். வருமானத்தோடு நிறுத்தாமல், நாளுக்கு ஒரு ஒழுங்கு வந்ததா, மற்றவர்களோடு தொடர்பு கூடியதா, தன்மேல் நம்பிக்கை வந்ததா என்றும் கேட்டார்கள். இவை எல்லாமே தெளிவாக உயர்ந்திருந்தன, ஊரில் நீண்டகால வேலையின்மையும் வெகுவாகக் குறைந்தது. திட்டம் எதற்காகவோ, அதைக் கேட்டுப் பார்த்தார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

வேலை போகாமல் தடுக்கும் திட்டங்களுக்குக் கணக்கு இன்னும் சிக்கல், ஏனென்றால் நடக்காமல் போனதை எண்ண வேண்டும். 2009இல் ஜெர்மனியின் உள்நாட்டு மொத்த உற்பத்தி ஏறத்தாழ 5 சதவீதம் சரிந்தும் வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. ஆளை நிறுத்தாமல் வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த சம்பளத்தின் ஒரு பகுதியை அரசே தரும் குறுநேர வேலைத் திட்டம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இப்படிக் காப்பாற்றப்பட்டவர் எந்தப் பயிற்சி மையத்தின் பதிவேட்டிலும் வர மாட்டார்.

சரி, என்ன செய்யலாம்?

பயிற்சி மையங்களுக்குக் கொடுக்கும் பணத்தில் 90ஆம் நாளுக்கென்று இருக்கும் பங்கைச் சிறியதாக்குங்கள். ஒரு வருடம் கழித்து ஒரு பங்கு, இரண்டு வருடம் கழித்து இன்னொரு பங்கு என்று தள்ளி வையுங்கள். சிறிய மையங்கள் அதுவரை தாங்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் நடத்தும் செலவை முன்னாலேயே முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். ஊக்கத்தொகையை மட்டும் தள்ளி வைத்தால் போதும். ஆஃபர் லெட்டர் போட்டோவை நம்ப வேண்டாம். சமூகக் காப்பீட்டுப் பதிவும் வரிப் பதிவும் அரசிடமே இருக்கின்றன, பெயரை மறைத்துவிட்டு அவற்றோடு ஒப்பிடலாம். அந்தப் பதிவுகளுக்குள் வராத கூலி வேலைக்காரர்களையும் சொந்தத் தொழில் செய்பவர்களையும் நேரில் கேட்கத்தான் வேண்டும். என் எலக்ட்ரீஷியன் எந்தப் பதிவிலும் இருக்க மாட்டார்.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வரும் இடங்களில் குலுக்கல் போடுங்கள். குலுக்கல் கொடுமை என்று சிலர் சொல்வார்கள். இப்போதும் யாரோ வெளியே நிற்கத்தான் செய்கிறார்கள், அதை முடிவு செய்வது சிபாரிசும் டார்கெட்டும். குலுக்கலில் நாற்பது வயதுக்காரருக்கும் அந்த அம்மாவுக்கும் சம வாய்ப்பு உண்டு. இடம் கிடைக்காதவர்களின் பெயரையும் அவர்கள் சம்மதத்தோடு எழுதி வைத்து, இரண்டு வருடம் கழித்து அவர்களையும் கேளுங்கள். அவர்களை எண்ணாமல் பயிற்சி பெற்றவர்களை மட்டும் எண்ணுவதில் பயனில்லை. நீண்டகாலம் வேலையில்லாதவர் ஒருவரைச் சேர்த்தால், மையத்தின் கணக்கில் அவருக்குக் கூடுதல் மதிப்பு கொடுங்கள். அப்போது சேர்க்கை நாளில் மேலாளர் காதருகே சொல்வது மாறும்.

ஒவ்வொரு திட்டத்தின் முதல் பக்கத்திலும், இது எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள். திறன் வளர்க்கவா, மந்தநிலையில் கை கொடுக்கவா, ஒருவரின் நாளுக்கு ஒரு ஒழுங்கு கொடுக்கவா? அதற்கேற்ற கேள்வியைப் பிறகு கேளுங்கள். நாட்டின் வேலையின்மை விகிதத்தை மட்டும் காட்டி ஒரு திட்டத்தைப் புகழவோ இகழவோ வேண்டாம். சர்வதேச அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தாலே ஒருவர் வேலையில் இருப்பவர். தேடித் தேடிச் சலித்துத் தேடுவதையே நிறுத்தியவர் வேலையற்றோர் பட்டியலிலேயே இல்லை. விகிதம் குறைந்தால், வேலை கிடைத்ததாகவும் இருக்கலாம், நம்பிக்கை போனதாகவும் இருக்கலாம்.

இரண்டு வருடம் காத்திருந்தால் ஆட்சிக் காலமே முடிந்துவிடும், பட்ஜெட்டுக்கு இந்த ஆண்டே எண் வேண்டும் என்பீர்கள். புரிகிறது. 90ஆம் நாள் எண்ணையும் வெளியிடுங்கள். அதை "இதுவரை தெரிந்தது" என்று சொல்லுங்கள், "சாதனை" என்று சொல்ல வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் உங்களுக்கு முந்தையவர் தொடங்கிய பேட்சின் எண்ணை இந்த ஆண்டு நீங்கள் வெளியிடுங்கள். உங்கள் பேட்சின் எண்ணை உங்களுக்குப் பின் வருகிறவர் வெளியிடட்டும். எண் மோசமாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். ஜோர்டானில் கிடைத்த ஏமாற்றத்தை வெளியே சொன்னதால்தான் மற்ற நாடுகள் அதிலிருந்து கற்றுக்கொள்ள முடிந்தது.

இதற்கெல்லாம் ஆணை வரவேண்டும், குழு போட வேண்டும் என்றால் அது நடக்கும்போது நடக்கட்டும். அதற்கு முன் இந்த வாரமே ஒன்று செய்யலாம். உங்கள் அலுவலகத்தில் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஏதாவது ஒரு பேட்சின் பதிவேட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். போன் செய்யும் வேலையை உதவியாளரிடம் கொடுக்காமல், பத்து பேருக்காவது நீங்களே கூப்பிடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், எந்த பேட்ச் என்று நினைவுபடுத்துங்கள். "வேலையில் இருக்கிறீர்களா" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள். "கோர்ஸ் முடிஞ்சதுக்கப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் பேச்சு வராது. போனை வைத்துவிடாதீர்கள், சொல்வார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் பயிற்றுநர் ஒருவர்